வகுப்பறையில் பூச்சிகள்: வடசென்னைத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சின்னப் பிள்ளைகளுக்குப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுப்பதென்றால் நாம் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிப் படத்தில்தான் தொடங்குகிறோம். சார்ட்டில் நான்கு படங்கள், நடுவில் அம்புக்குறிகள். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். பாடம் முடிந்தது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ வளரும் பிள்ளைக்கு நன்றாகப் பழக்கமான பூச்சிகள் வேறு. தண்ணீர் டிரம்மில் நெளியும் கொசுப்புழு, சர்க்கரை டப்பாவைத் தேடி வரும் எறும்பு, ராத்திரி விளக்கைப் போட்டதும் சிதறி ஓடும் கரப்பான், காசிமேட்டில் மீன் கூடையைச் சுற்றி மொய்க்கும் ஈ. இவற்றைப் பற்றி ஆறு வயதுப் பிள்ளை நமக்கே தெரியாத சில விஷயங்களைச் சொல்லும். அதுவும் அறிவுதான். பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வண்ணத்துப்பூச்சியும் வரும், ஆனால் கடைசியில் வரட்டும்.

இந்த வழிகாட்டி 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கானது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து இந்த வகுப்புகளில் செயல்பாடுகளுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பீரியட் வீதம் ஐந்தாறு வாரம் ஒதுக்கினால் போதும்.

எப்போது தொடங்குவது, என்னென்ன வேண்டும்

ஜூன் மாதம் சரிப்படாது. வெயில் தாங்காமல் செடியெல்லாம் வாடிக் கிடக்கும், பூச்சிகளும் குறைவு. ஆகஸ்டில் சாயங்கால மழை நாலு பெய்த பிறகு தொடங்கினால் எறும்பு, கொசு, புழு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே கொசுப் பாடத்தை முடித்துவிடலாம். மழை வந்த பிறகு ஈசலும் தட்டானும் தாமாகவே வகுப்புக்கு வரும்.

பொருட்களுக்குப் பெரிய செலவில்லை. பிளாஸ்டிக் லென்ஸ் நான்கைந்து வேண்டும், பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி போலத் தெரியும் ஸ்வீட் டப்பாக்கள், பழைய கொசுவலைத் துண்டு, ரப்பர் பேண்ட், களிமண், தென்னை ஈர்க்கு, ஒரு பழைய வெள்ளை வேட்டி. மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். புழுவை இடம் மாற்ற விரலைவிட பிரஷ்தான் நல்லது. புழுவுக்கும் வலிக்காது, பிள்ளைக்கும் அரிக்காது.

முதல் படி: பேசுவதற்கு முன்னால் வரையச் சொல்லுங்கள்

எதையும் விளக்காமல், எந்தப் படமும் காட்டாமல், ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். "உங்க வீட்டுல பார்த்த ஒரு பூச்சியை வரைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சிலந்தி வரும், பல்லி வரும், மண்புழு வரும், பத்துக் கால் முளைத்த எறும்பும் வரும். எதையும் திருத்த வேண்டாம். பெயரும் தேதியும் எழுதிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கடைசியில் இந்தத் தாள்கள் தேவைப்படும்.

அப்புறம் வட்டமாக உட்கார வைத்து, யாருக்கு எந்தப் பூச்சி பயம் என்று கேளுங்கள். கரப்பான் என்று முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். "யாரையும் எதையும் தொடச் சொல்லி வற்புறுத்த மாட்டேன்" என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிடுங்கள், கடைசி வரை காப்பாற்றவும் செய்யுங்கள். நாலடி தள்ளி நின்று பார்க்கும் பிள்ளையும் பாடத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: ஒன்பது பேர் சேர்ந்தால் ஒரு பூச்சி

பூச்சிக்கு ஆறு கால், உடலில் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. இதை போர்டில் எழுதுவதைவிட விளையாடிக் காட்டலாம். மூன்று பிள்ளைகளை வரிசையாக நிற்க வையுங்கள். முன்னால் நிற்பவர் தலை, இரண்டு கையையும் உயர்த்தி உணர்கொம்பு ஆக்கிக்கொள்வார். நடுவில் நிற்பவர் மார்பு, பின்னால் இருப்பவர் வயிறு. இப்போது பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர் வந்து நடுவில் நிற்பவரைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவர்கள்தான் கால்கள். ஆறு காலும் மார்பிலிருந்துதான் கிளம்புகின்றன, வயிற்றில் ஒன்றுகூட இல்லை என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அந்தப் பூச்சியை நடக்க வையுங்கள். பூச்சி வேகமாக நடக்கும்போது பொதுவாக ஒரே நேரத்தில் மூன்று காலை எடுத்து வைக்கும்: ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும். மற்ற மூன்றும் தரையில் ஊன்றியிருக்கும். முதல் தடவை எல்லாரும் முட்டிக்கொண்டு விழுவார்கள். இரண்டு மூன்று முறை எண்ணிக்கை சொல்லி நடத்தினால் பிடிபட்டுவிடும். வராந்தாவில் இடம் போதாது, காலை வழிபாட்டுக்கு நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பீரியடில் படங்களைப் பிரிக்கச் சொல்லலாம். சிலந்திக்கு எட்டுக் கால். மரவட்டைக்கும் பூரானுக்கும் எண்ணி முடியாத கால்கள். மண்புழுவுக்கும் நத்தைக்கும் காலே கிடையாது. மழைக்குப் பிறகு மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் நிறத் தம்பலப்பூச்சிக்கும் எட்டுக் கால்தான், அது சிலந்திக்குச் சொந்தம். கம்பளிப்பூச்சிக்கு நிறையக் கால் இருக்கிறதே என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. முன்பக்கம் இருக்கும் கூரான ஆறுதான் உண்மையான கால், பின்னால் இருப்பவை இலையைப் பிடித்துக்கொள்ள உதவும் சதைக் குமிழ்கள் என்று லென்ஸில் காட்டுங்கள்.

மூன்றாம் படி: எறும்பு வரிசை

என்னைக் கேட்டால் முழுப் பாடத்திலும் எறும்புக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, வருஷம் முழுக்க இருக்கிறது, பறந்து போகாது. பள்ளிச் சுவரோரம் ஒரு வரிசையைத் தேடிப் பிடியுங்கள். கறுப்பாகச் சின்னதாக ஓடும் பிள்ளையார் எறும்பாக இருந்தால் நல்லது, கடிக்காது. செவ்வெறும்பும் கட்டெறும்பும் வேண்டாம்.

ஒரு தாளில் ஐந்து பொருளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்: சர்க்கரை, உப்பு, தேங்காய்த் துருவல், அரிசி மாவு, ஒரு சின்னக் கருவாட்டுத் துண்டு. எறும்பு எதற்கு முதலில் வரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்து, தான் நினைக்கும் பொருளின் பெயருக்கு மேல் அடுக்கச் சொன்னால் கணக்குப் பாடமும் சேர்ந்துவிடும். தாளை எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இன்டர்வல் வரை காத்திருங்கள். முதலில் ஒன்றிரண்டு எறும்பு வந்து முகர்ந்துவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் கூட்டமே வரும். எல்லா எறும்பும் சர்க்கரைக்குத்தான் போகும் என்று நினைத்த பிள்ளைகளுக்கு, சிலவகை எறும்புகள் கருவாட்டையோ தேங்காயையோ மொய்ப்பது ஆச்சரியமாக இருக்கும். மறுநாள் வேறு சுவரோரத்தில் வேறு எறும்பிடம் வைத்துப் பாருங்கள், விடை மாறலாம். மாறினால் இன்னும் நல்லது.

இரண்டாவது சோதனை இதைவிடச் சுவாரசியமானது. வரிசைக்குக் குறுக்கே ஈர விரலால் அழுத்தி ஒரு கோடு துடைத்துவிடுங்கள். வந்துகொண்டிருந்த எறும்புகள் அந்த இடத்தில் நின்று தடுமாறும், திரும்பும், உணர்கொம்பால் தரையைத் தட்டித் தேடும். சிறிது நேரத்தில் ஒன்றிரண்டு தாண்டிப் போக, வழி மறுபடி உண்டாகிவிடும். எறும்பு தரையில் விட்டுப் போகும் வாசனைதான் மற்ற எறும்புகளுக்கு வழிகாட்டுகிறது என்பதை இதற்குப் பிறகு சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதி ருசி போய்விடும்.

மூன்றாவதாக, வரிசை போகும் பாதையில் ஒரு சின்னத் தாளை விரித்து, எறும்புகள் அதன்மேல் நடந்து பழகும்வரை விடுங்கள். பிறகு தாளை மெதுவாகக் கால்வட்டம் திருப்புங்கள். பல எறும்புகள் தாளில் இருக்கும் பழைய வாசனைக் கோட்டிலேயே போய் விளிம்பில் குழம்பி நிற்கும்.

நாம் பார்க்கும் இந்த வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண் எறும்புகள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வகுப்பில் பெண்பிள்ளைகள் பக்கம் கைதட்டல் கிளம்பும். வீட்டுப்பாடமாக, வாசலில் அரிசி மாவில் ஏன் கோலம் போட்டார்கள் என்று ஆயாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் பத்துப் பிள்ளைகள் பத்துக் கதையோடு வருவார்கள்.

நான்காம் படி: கொசுவும் தண்ணீர் டிரம்மும்

இந்தப் பாடத்தில் கொஞ்சம் கவனம் தேவை. கொசுப்புழு இருக்கும் தண்ணீரை ஆசிரியர் மட்டுமே எடுத்து வர வேண்டும். கண்ணாடி பாட்டிலில் பாதி ஊற்றி, வாயைக் கொசுவலைத் துணியால் இரண்டு மடிப்பாக மூடி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பாட்டிலில் கமா வடிவத்தில் சுருண்ட கூட்டுப்புழு தெரிந்தால் அன்றே முடித்துவிடுங்கள். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. வெயில் காய்ந்த கட்டாந்தரையில் கொட்டினால் புழுக்கள் செத்துவிடும். ஏன் கொல்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். டெங்கு யார் வீட்டுக்கெல்லாம் வந்தது என்று அவர்களுக்கே தெரியும்.

பாட்டிலில் என்ன பார்க்கச் சொல்வது? புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வால் நுனியைத் தண்ணீருக்கு மேல் நீட்டும். அங்கேதான் அது மூச்சு வாங்குகிறது. பாட்டிலை லேசாகத் தட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் அடியில் இறங்கும், கொஞ்ச நேரத்தில் மூச்சுக்காக ஒவ்வொன்றாக மேலே வரும். எத்தனை எண்ணுவதற்குள் மேலே வருகிறது என்று சேர்ந்து எண்ணலாம். சாய்வாகத் தொங்காமல் தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்த மாதிரி புழு கிடந்தால் அது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனம். சென்னை போன்ற நகரங்களில் அது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார் என்பதை மூன்றாம் வகுப்புக்குச் சொல்லலாம், ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம்.

கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை உருவாக அதற்கு ரத்தம் தேவை. ஆண் கொசு பூந்தேனும் செடிச்சாறும் குடித்து வாழ்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் காலில் வெள்ளைப் பட்டை இருக்கும், பகலில் கடிக்கும். அது பாத்திரத்தின் உள்சுவரில் தண்ணீர்க் கோட்டை ஒட்டி முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, நாரால் உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிள்ளைகள் மூலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய காரியம்.

வீட்டில் தண்ணீர் இருக்கும் இடங்களை வரைந்து வரச் சொல்லுங்கள்: டிரம், குடம், வாளி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய் ஓடு. மூடியிருப்பதற்குப் பச்சை, திறந்திருப்பதற்குச் சிவப்பு. ஆனால் யார் வீட்டில் சிவப்பு அதிகம் என்று வகுப்பில் ஒப்பிடவே கூடாது. தெருக்குழாயிலும் லாரியிலும் எப்போதாவது வரும் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இந்தக் குடும்பங்கள் வாழ முடியாது. தண்ணீர் பிடித்து வைப்பது அவர்கள் குற்றம் இல்லை. பிள்ளை தன் வீட்டைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டு போனால் இந்தப் பாடம் நடத்தாமலே இருந்திருக்கலாம்.

கரப்பானுக்கு ஒரு பீரியட் போதும். செத்த கரப்பான் ஒன்றை ஸ்வீட் டப்பாவில் போட்டு செலோ டேப் ஒட்டி மூடிச் சுற்றுக்கு விடுங்கள். காலில் இருக்கும் முட்கள், நீண்ட உணர்கொம்பு, மடிந்த இறக்கை தெரியும். இதற்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. குட்டிக் கரப்பான் இறக்கை இல்லாத சின்னக் கரப்பானாகவே இருக்கும். ஈக்கு இதுவும் தேவையில்லை. இரண்டே இறக்கை, உட்கார்ந்ததும் கைகளைத் தேய்க்கும் பழக்கம், குப்பையில் உட்கார்ந்த காலோடு சோற்றில் உட்காருவது, இவ்வளவு சொன்னால் சரி.

ஐந்தாம் படி: கறிவேப்பிலைத் தொட்டியில் வண்ணத்துப்பூச்சி

பள்ளியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைத்தால், பெரும்பாலும் யாரும் அழைக்காமலே எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோ, இறக்கையில் வெள்ளை வரி ஓடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியோ வந்து இளந்தளிரில் முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். எதிரியை ஏமாற்றும் வேஷம் அது. வளர்ந்த பிறகு பச்சையாக மாறும். பிரஷால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை வெளியே நீட்டி நெடியைக் கிளப்பும். ஒரு புழுவிடம் ஒரு தடவை மட்டும் செய்யுங்கள், பயமுறுத்திக்கொண்டே இருக்கக் கூடாது.

ஓரளவு வளர்ந்த புழுவைக் கொத்தோடு எடுத்து, கொத்தின் அடியைத் தண்ணீர் உள்ள சின்ன பாட்டிலில் நிறுத்துங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். அதைப் பெரிய டப்பாவுக்குள் வைத்து மேலே கொசுவலை கட்டுங்கள். தினமும் புதிய இலை வேண்டும், எச்சத்தைத் துடைக்க வேண்டும். மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள், பூச்சிமருந்து பட்டிருந்தால் புழு செத்துவிடும். சனி ஞாயிறு டப்பா உங்களோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் புழு அலைய ஆரம்பித்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று பொருள். ஒரு குச்சியை உள்ளே சாய்த்து வையுங்கள். மெல்லிய நூலால் தன் இடுப்பைக் குச்சியோடு கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து நாள் அசைக்காமல் விட வேண்டும். வண்ணத்துப்பூச்சி வெளிவரும்போது இறக்கை சுருங்கி ஈரமாக இருக்கும், காய்ந்து விரிய நேரமாகும். அன்றைக்கே செடிப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். சில சமயம் கூட்டிலிருந்து சின்னக் குளவி ஒன்று வெளியே வரும். அதன் தாய்க்குளவி முன்பே புழுவுக்குள் முட்டையிட்டிருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

ரயில் பாதை ஓரத்து எருக்கஞ்செடியிலும் அழகான வரிப்புழுக்கள் கிடைக்கும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்ன வகுப்புக்கு அது வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் படத்தையும் காட்டுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் வாழ்வது அது, பெரம்பூரில் தேட முடியாது.

இதே வாரத்தில் ஒட்டுப்படமும் செய்யலாம். முட்டைக்கு ஜவ்வரிசி, புழுவுக்கு நூலில் கோத்த பட்டாணி, கூட்டுப்புழுவுக்கு வேர்க்கடலை ஓடு, இறக்கைக்குக் காய்ந்த பூவிதழ். டப்பாவில் நடப்பதைப் பார்த்துவிட்டு அன்றன்றைய பருவத்தை மட்டும் ஒட்ட வேண்டும்.

வெளியே போகும்போது

தூரமாகப் போக அனுமதியும் வண்டியும் கிடைத்தால் மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. கிடைக்காவிட்டால் பள்ளிச் சுற்றுச்சுவரே போதும். செடியின் அடியில் வெள்ளை வேட்டியை விரித்து, கிளையை லேசாக உலுக்கினால் விழுவதையெல்லாம் பார்க்கலாம். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமோ ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரமோ கூட்டிப் போகாதீர்கள்.

புறப்படும் முன் நீங்கள் மட்டும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், அதன் ரோமம் பட்டால் தடித்து அரிக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பூச்சிக்கடியால் உடம்பு வீங்கும் பிள்ளை யார் என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு வையுங்கள். திரும்பியதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மழை வந்த பிறகு

மழை பெய்த சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும். மறுநாள் காலையில் வராந்தாவெல்லாம் இறக்கை உதிர்ந்து கிடக்கும். பெருக்கும் அக்காவிடம் முன்பே சொல்லி வைத்து ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஈசலுக்கு நான்கு இறக்கை, நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம். கரையான்தான் இறக்கை முளைத்து ஈசலாக வருகிறது என்று கேட்டால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். அந்தி ஈசல் அடைமழைக்கு அறிகுறி என்ற பழமொழியைச் சொல்லி, அன்றிலிருந்து யார் ஈசல் பார்த்தார்கள், அதன் பிறகு மழை வந்ததா என்று வகுப்புச் சுவரில் குறித்து வாருங்கள்.

தட்டான்களும் இந்தச் சமயத்தில் தாழப் பறக்கும். வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைக்கும் விளையாட்டு இன்னும் இருக்கிறது. அதட்டுவதைவிட, தட்டான் குஞ்சு தண்ணீரில் வளர்ந்து கொசுப்புழுவைத் தின்கிறது என்று சொன்னால் போதும். ஏற்கெனவே பாட்டிலில் கொசுப்புழுவைப் பார்த்த பிள்ளைகள் நூலைக் கீழே போட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் கூட்டமாக வரும் மஞ்சள் நிறத் தட்டான் கடல் கடந்து மாலத்தீவுக்கும் போகும். கடலுக்குப் போகும் அப்பா இருந்தால், நடுக்கடலில் போட்டில் தட்டான் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

தீப்பெட்டியில் பொன்வண்டோ வேறு எதுவோ அடைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கட்டாயம் வரும். திட்டாதீர்கள். எல்லாரும் பார்த்து வரையட்டும். பெல் அடிப்பதற்குள் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது மட்டும் விதி.

என்ன கற்றார்கள் என்று பார்ப்பது

கேள்வித்தாள் வேண்டாம். கடைசி நாள் மறுபடி ஒரு தாள் கொடுத்து, பார்க்காமல் ஓர் எறும்பை வரையச் சொல்லுங்கள். முதல் நாள் தாளைப் பக்கத்தில் வையுங்கள். மூன்று உடற்பகுதி இருக்கிறதா, உணர்கொம்பு இருக்கிறதா, ஆறு கால் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, கால்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். மார்பிலிருந்து வந்தால் அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்த்திருக்கிறது. வயிற்றிலிருந்து வந்தால் மதிப்பெண் குறைக்காமல், லென்ஸைக் கையில் கொடுத்து மறுபடி சுவரோரம் அனுப்புங்கள்.